மச்சினன் காலும் கேள்வி பிறந்த நேரமும்

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். அதிலும் பாதி நாள் மழை, பள்ளிக்கூடம் கிடையாது. இதை எங்கே போனாலும் முதலிலேயே சொல்லிவிடுவேன். அப்போதுதான் பிற்பாடு நான் சொல்வதைக் கேட்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். ஏலப்பாறையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் எந்தக் கூலி லயத்தில் போய் வைத்தியர் வீடு எது என்று கேட்டாலும் கை என் வீட்டுப் பக்கம்தான் நீளும். தேயிலை ஃபாக்டரியில் கூலி வேலை பார்த்தவன் இன்றைக்கு மாடி வீட்டில் உட்கார்ந்து நாடி பிடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் என் வாசலில் ஜீப் திருப்ப இடம் இருக்காது. காரில் வருகிற பெரிய படிப்புக்காரர்கள்கூட செருப்பைக் கழற்றிவிட்டு "வைத்யரே" என்றுதான் கூப்பிடுவார்கள். யாரும் எனக்குக் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. நானாக ஏறி வந்தேன்.

மூலிகை தெரிந்தவர்கள் இந்த மலையில் நிறையப் பேர் உண்டு. சோதிடம் தெரிந்தவர்களும் உண்டு. இரண்டையும் ஒன்றாகப் பூட்டி ஓட்டுகிறவன் நான் ஒருத்தன்தான். மனுஷ உடம்பு பன்னிரண்டு ராசி. தலை மேஷம். அப்படியே கீழே இறங்கி வந்தால் முழங்கால் மகரம், கெண்டைக்கால் கும்பம், பாதம் மீனம். எந்த ராசியில் எந்தக் கிரகம் நின்று உறுத்துகிறது என்று பார்த்தால் நோய் எங்கே இருக்கிறது, மருந்துக்குக் கேட்குமா கேட்காதா என்று தெரிந்துவிடும். வேர் பிடுங்குவதற்கும் நாள் உண்டு, ஓரை உண்டு. கண்ட நேரத்தில் பிடுங்கிய சிறுகுறிஞ்சானும் ஓரை பார்த்துப் பிடுங்கிய சிறுகுறிஞ்சானும் ஒன்று என்று சொல்கிறவனோடு நான் பேசுவதே இல்லை.

ஆனால் தோட்டத்தில் ஜாதகம் வைத்திருக்கிற ஆள் குறைவு. பிறந்த நேரம் கேட்டால் "ரெண்டாம் சங்கு ஊதுனப்போன்னு எங்கம்மா சொல்லும்" என்பார்கள். அதற்கு நான் என்ன செய்ய? அதனால் பிரசன்னம் பார்ப்பேன். அதாவது, நோயாளிக்காக ஒருத்தன் மருந்து கேட்டு என் வாசலுக்கு வந்து வாயைத் திறக்கிறானே, அந்த நேரத்துக்குக் கட்டம் போடுவது. கேள்வி பிறந்த நேரம்தான் நோயின் ஜாதகம். வந்தவன் எந்தக் கால் எடுத்து வைத்தான், பேசும்போது தன் உடம்பில் எதைத் தொட்டான் என்பதும் கணக்கில் வரும்.

செல்போன் வந்தபோது மற்றவர்களெல்லாம் திணறினார்கள். வாசலும் இல்லை, கால் எடுத்து வைக்கிறவனும் இல்லை, எந்த நேரத்தை எடுப்பது? நான் ஒரே நாளில் வழி கண்டுபிடித்தேன். மணி அடிக்கிற நேரம்தான் வாசல் மிதிக்கிற நேரம். அங்கே அவன் அழுத்துகிறான், இங்கே அடிக்கிறது, இரண்டும் ஒரே நேரம், சந்தேகமே கிடையாது. குமுளிக் கடைத்தெருவில் ஒரு ஜோத்ஸ்யர் இதைக் கேட்டுவிட்டு "நிங்ஙள் மிடுக்கன்" என்றார். கெட்டிக்காரன் என்று அர்த்தம். நான் மறுக்கவில்லை.

இன்னொரு வழக்கமும் வைத்திருந்தேன். என்னிடம் இரண்டு பஞ்சாங்கம் உண்டு. ஒன்று கம்பத்தில் இறங்கி வாங்குவது, தமிழ். மற்றது குமுளியில் வாங்குவது, மலையாளம். இரண்டுக்கும் அங்கங்கே கணக்கு இடிக்கும். அதற்காக நான் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. தமிழ் ஆளுக்குத் தமிழ்ப் பஞ்சாங்கம், மலையாளத்து ஆளுக்கு மலையாளப் பஞ்சாங்கம். இத்தனை வருஷமாக ஒரு சண்டை வந்ததில்லை.

எல்லாம் போன ஆடி மாதம் வரைக்கும்தான்.

ஆடியை இங்கே கர்க்கடகம் என்பார்கள். மருந்துக்கஞ்சி குடிக்கிற மாதம். எனக்குத் தலை சொறிய நேரம் இருக்காது. அந்த வியாழக்கிழமை காலையிலிருந்து பேய்மழை. மரம் விழுந்து கரண்டு போனது, அதோடு டவரும் போனது. சாயங்காலம் விளக்கேற்றுகிற நேரத்துக்குக் கரண்டு வந்தது. வந்த வேகத்தில் என் போன் கிணுகிணு என்று துடித்தது. மச்சினனிடமிருந்து வாட்ஸாப்பில் பேச்சு வந்திருந்தது.

மச்சினன் என்றால் என் வீட்டுக்காரியின் ஒரே தம்பி. குமுளிப் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருக்கிறான். என்னைக் கேலி பண்ணாமல் அவனுக்குச் சோறு இறங்காது. "அத்தான், என் கெடா தும்முது, கட்டம் போட்டுப் பாருங்க" என்பான். ஆனால் சளி பிடித்தாலும் முதலில் எனக்குத்தான் கூப்பிடுவான். சர்க்கரை வியாதி உண்டு. என் பொடியும் தின்பான், டாக்டர் மாத்திரையும் தின்பான். இரண்டையும் விடாதே என்று நான்தான் சொல்லியிருந்தேன். அவன் எதையும் ஒழுங்காகத் தின்னவில்லை என்பது வேறு.

போனை அழுத்தினேன்.

"அத்தான், நான்தான். கட்டப்பனையில ஆஸ்பத்திரியில படுத்திருக்கேன். பூட்ஸுக்குள்ள முள்ளு ஏறியிருக்கு, உணர்ச்சியில்லாததால தெரியல, அதோடயே நடந்திருக்கேன். இப்ப வலது கால்ல வெரலு கருத்துப்போச்சு. வெள்ளிக்கிழமை காலையில வெரலை எடுக்கணும்ங்காரு டாக்டரு. விட்டா முழங்கால் வரைக்கும் எடுக்கவேண்டி வருமாம். மருந்துல தீருமா, வெட்டத்தான் வேணுமா? பாத்து ஒரு வார்த்தை சொல்லுங்க. அக்காகிட்டச் சொல்லிராதீக, ஓடியாந்துரும்."

அக்கா என் தோளுக்குப் பக்கத்தில் நின்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். கையிலிருந்த தீப்பெட்டியை அப்படியே வைத்துவிட்டாள்.

"நாளைக்குத்தான வெள்ளிக்கிழமை" என்றாள்.

உடனே அவனுக்குப் போன் போட்டேன். பரிதிக்குப் புறத்து, அதாவது டவர் எட்டாத இடம் என்று மலையாளத்தில் ஒரு பொம்பளைக் குரல் சொன்னது. அவன் பெண்டாட்டிக்குப் போட்டேன். அங்கேயும் அதே பொம்பளை.

சரி, ஆகவேண்டியதைப் பார்ப்போம் என்று சுவரில் கடிகாரத்தைப் பார்த்தேன். பேச்சு வந்த நேரத்துக்கு மகர லக்கினம். நல்லது. கேள்வியை இன்னொரு தடவை கேட்போம் என்று பேச்சை ஓடவிட்டேன், நடுவில் பல்லி கத்தியது. எந்தத் திசை என்று திரும்பிப் பார்த்தால் பல்லியைக் காணோம். சந்தேகப்பட்டு மறுபடி பேச்சை ஓடவிட்டேன். "வெரலை எடுக்கணும்" என்று அவன் சொல்லி முடித்த இடத்தில் பல்லி கத்தியது. போனுக்குள் இருக்கிற பல்லி. இன்னொரு தடவை ஓடவிட்டேன், சரியாக அதே இடத்தில் கத்தியது.

எனக்கு விளங்கவில்லை. பல்லி சொல்லுக்குத் திசை வேண்டும். போனுக்கு எது கிழக்கு? போனைத் திருப்பிப் பிடித்தால் திசை மாறுமா? அதுவும் போக, நான் கேட்கிற ஒவ்வொரு தடவையும் கத்துகிறதே, அது ஒரு சொல்லா, பல சொல்லா?

"அது ஆஸ்பத்திரி செவுத்துப் பல்லிங்க" என்றாள் என் வீட்டுக்காரி. "அது அவனுக்குச் சொல்லுச்சு. உங்களுக்கென்ன வந்துச்சு?"

"சும்மா இரு. கேள்வி கேட்கும்போது சொன்ன சொல்லு."

"அப்ப என்னன்னு சொல்லுச்சு? சொல்லித் தொலைங்களேன்."

அதுதான் தெரியவில்லை என்று அவளிடம் சொல்ல முடியுமா? கட்டம் போட்டால்தான் தெரியும் என்றேன்.

மகர லக்கினத்துக்குக் கட்டம் போட்டேன். சனி மூன்றாம் இடத்தில் வந்து உட்கார்ந்தது. மூன்றில் சனி இருந்தால் நோயாளிக்கு நல்லது, மருந்துக்குக் கேட்கும், உறுப்பு நிற்கும். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. புண்ணுக்குப் போடுகிற மத்தன் தைலம் எடுத்துக்கொண்டு போனால் டாக்டரே அசந்துபோவார் என்று நினைத்தேன். டாக்டர் கத்தியை எடுத்தார், வைத்தியர் தைலத்தை எடுத்து நிறுத்தினார் என்று ஊர் பேசும். வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "உன் தம்பிக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் மருமகள், என் மகன் பெண்டாட்டி, உள்ளேயிருந்து வந்தாள். அவள் ஒரு ரிசார்ட்டில் கணக்கு எழுதுகிறாள், போனில் எல்லாம் தெரியும்.

"மாமா, இது இப்ப வந்ததில்ல. அவரு காலையிலயே அனுப்பிட்டாரு. பாருங்க, எட்டரைன்னு போட்டிருக்கு. நம்ம டவர் இல்லாததால இப்ப வந்து விழுந்திருக்கு."

"காலையிலன்னா எங்க இருந்துச்சு இவ்வளவு நேரமும்?"

"மேல இருக்கும் மாமா."

"மேலன்னா எங்க?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. மேல."

கேள்வி பிறந்து, வாசலுக்கு வராமல், ஒரு பகல் முழுக்க மேலே தொங்கிக்கொண்டு இருந்திருக்கிறது. இப்படி ஒரு சங்கதிக்கு எந்தச் சுவடியிலும் விதி இருக்காது. நான் கண்டுபிடித்த மணிக்கணக்கு இங்கே செல்லவில்லை. காலையில் எட்டரை என்றால் சிம்ம லக்கினம். அதற்கும் ஒரு கட்டம் போட்டேன். சனி எட்டாம் இடத்தில் போய் நின்றது. எட்டில் சனி என்றால் உறுப்பு போகும், வெட்டாமல் தீராது.

ஒரே கேள்வி. அனுப்பின நேரத்துக்கு வெட்டு என்கிறது. வந்த நேரத்துக்கு வெட்டாதே என்கிறது.

அதோடு விட்டதா? நான் அவசரத்தில் கையில் கிடைத்த பஞ்சாங்கத்தைப் பார்த்திருந்தேன். அது மலையாளம். மச்சினன் தமிழ் ஆள் ஆயிற்றே என்று தமிழ்ப் பஞ்சாங்கத்தைப் பிரித்தால், அதில் சனி மீனத்துக்கே வரவில்லை. இன்னும் கும்பத்தில்தான் நிற்கிறது. மலையாளப் பஞ்சாங்கத்தில் மீனத்துக்கு வந்தாகிவிட்டது. மற்ற நேரமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். மீனம் என்றால் பாதம். கும்பம் என்றால் கெண்டைக்கால். மலையாளச் சனி அவன் விரலில் இருக்கிறது. தமிழ்ச் சனி கெண்டைக்காலில் இருக்கிறது. விரலை வெட்டினாலும் போதாது, மேலே வரைக்கும் ஏறிவிட்டது என்று அர்த்தம் ஆகிறது.

"அவன் தமிழா மலையாளமா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

"யாரு?"

"உன் தம்பிதான்."

என் வீட்டுக்காரி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "என்னைக் கட்டும்போது கேட்டிருக்கணும் அதை."

"அதில்லடி. அவன் பிறந்தது கம்பத்துல. இருக்கிறது குமுளியில. ரேஷன் கார்டு இங்க. எந்தப் பஞ்சாங்கம் பாக்கணும்னு கேக்கேன்."

"ஓட்டு இங்கதான் போடுறான். போதுமா? ஏங்க, அவன் காலு அழுகுது. நீங்க அவன் எந்த ஊர்க்காரன்னு விசாரிச்சுக்கிட்டு இருக்கீங்க."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்குக் கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. இரண்டு நேரம், இரண்டு பஞ்சாங்கம் என்று முன்னால் நாலு கட்டம் கிடந்தது. ஒன்று வெட்டு என்றது, ஒன்று வெட்டாதே என்றது, மற்ற இரண்டும் கெண்டைக்காலைக் காட்டின. இத்தனை பேருக்குப் பார்த்திருக்கிறேன், ஒரு கட்டம் போட்டால் ஒரு பதில்தான் வரும். ஒருவேளை எப்போதும் நாலு கட்டம் போட்டிருந்தால் எப்போதும் நாலு பதில் வந்திருக்குமோ? இந்த நினைப்பு வந்ததும் பஞ்சாங்கங்களை மூடிவைத்துவிட்டு மருந்து அறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். அங்கேயும் மனம் நிலைகொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஜீப் பிடித்தோம். நானும் வீட்டுக்காரியும். பையில் மத்தன் தைலக் குப்பி, இரண்டு பஞ்சாங்கம். தைலம் எதற்கு என்று அவள் கேட்கவில்லை. பஞ்சாங்கம் எதற்கு என்றுதான் கேட்டாள். வழி முழுக்க எனக்கு ஒரே கணக்கு. போனதும் முதலில் அவனிடம் நேரத்தைக் கறாராகக் கேட்டுவிட வேண்டும். அவன் மனதில் இந்தச் சந்தேகம் எப்போது உதித்தது என்று தெரிந்தால் போதும், கட்டம் ஒன்றாகிவிடும்.

ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கால் தலையணைமேல் கிடந்தது. முகம் வற்றிப்போயிருந்தாலும் வாய் அப்படியே இருந்தது.

"வாங்கத்தான். பெட்டி படுக்கையோட வந்துட்டீக? நீங்களும் சேந்து படுக்கப் போறீகளா?"

அவன் அக்கா காலைப் பார்த்துவிட்டு முந்தானையை வாயில் வைத்தாள். நான் அவளை முந்திக்கொண்டு கேட்டேன்.

"மாப்ள, முக்கியமான விஷயம். நேத்து காலையில எட்டரைக்கு அனுப்புனியே, அப்பத்தான் உனக்குக் கேக்கணும்னு தோணுச்சா?"

"நேத்து காலையிலயா? நான் முந்தாநாள் பொழுதுசாயப் பேசுனேன். வார்டுக்குள்ள டவர் கிடையாது. காலையில இவ கேண்டீனுக்கு டீ வாங்கப் போகும்போது போனைக் கொண்டு போனா. அங்க போயிருக்கு."

மூன்றாவதாக ஒரு நேரம் வந்து சேர்ந்தது. முந்தாநாள் சாயங்காலம்! கட்டிலைப் பிடித்துக்கொண்டேன்.

"சரி. அப்ப முந்தாநாள் சாயங்காலம் உனக்குச் சந்தேகம் வந்திருக்கு."

"எனக்கா? எனக்கு ஒரு சந்தேகமும் இல்லத்தான். டாக்டர் சொன்ன அன்னிக்கே சம்மதம்னு ஒப்புப் போட்டுக் குடுத்துட்டேன்."

"பெறகு எதுக்குடா என்கிட்டக் கேட்ட?"

அவன் தன் பெண்டாட்டியைக் கையைக் காட்டினான். அவள் கட்டிலின் மறுபக்கம் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

"நான்தாண்ணே கேக்கச் சொன்னேன்" என்றாள். "அண்ணனைக் கேக்காம காலைத் தொடவிடாதீகன்னு அழுதேன். அவுக என் அழுகை தாங்காம பேசுனாக. கொரலு அவுகளோடது. கேள்வி என்னோடது."

"நீ எப்பக் கேட்ட?"

"எதை?"

"உனக்கு எப்பத் தோணுச்சு, என்கிட்டக் கேக்கணும்னு?"

அவள் திருதிருவென்று விழித்தாள். "வெரலு கருத்ததப் பாத்ததுலருந்தே எனக்கு அதானே நெனப்பு."

மேற்கொண்டு நான் என்ன கேட்க? நோய் ஒருத்தனுக்கு, கேள்வி இன்னொருத்திக்கு, குரல் முதல் ஆளுக்கு. பேசினது ஒரு நேரம், போனது ஒரு நேரம், வந்தது ஒரு நேரம். தூதன் என்று ஒருத்தன் வந்திருந்தால் அவன் காலையாவது பார்த்திருக்கலாம். இங்கே போன்தான் தூதன், அது கேண்டீன் வாசலில் டீ வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறது. நான் பையைக் கீழே வைத்துவிட்டேன். என்னுடைய தொழிலில் நான் இப்படி நின்றதே கிடையாது.

அப்போதுதான் நர்ஸம்மா வந்து காலில் சுற்றியிருந்த துணியைப் பிரித்தாள்.

நான் குனிந்தேன். ஃபாக்டரியில் நான் பார்த்த வேலை கொழுந்து வாட்டுகிற மாடியில். இலையைப் பரத்திவிட்டு, வாடினது போதுமா, கூடிப்போயிற்றா என்று மோந்து சொல்ல வேண்டும். துரைகள் மெஷினை நம்புவார்கள், பெரிய கிளார்க் மட்டும் "இவனைக் கூப்பிடு" என்பார். அந்த மூக்கு இது. அதற்குப் பிறகு எத்தனை புண்ணை மோந்திருக்கிறேன். புண் ஆறுகிற வாடை ஒன்று, சீழ் கட்டுகிற வாடை ஒன்று. அது இரண்டும் இல்லாத வாடை ஒன்று உண்டு. அந்த வாடை வந்தால் நான் மருந்துப்பெட்டியைத் திறக்கவே மாட்டேன், ஜீப்பைக் கூப்பிடச் சொல்லிவிடுவேன். அவன் காலிலிருந்து அந்த வாடைதான் வந்தது. ஒரு விரல் கரியாக இருந்தது. பக்கத்து விரலின் அடியில் நீலம் ஏறத் தொடங்கியிருந்தது. கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தேன், சூடு இருந்தது, ஆனால் கல்லுப்போல இறுகவில்லை, அழுகல் அங்கே ஏறவில்லை.

டாக்டர் வந்தார். சின்ன வயது, மலையாளத்துக்காரர். என் பையிலிருந்து எட்டிப்பார்த்த பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டார். சிரிக்கவில்லை. "வைத்யரே, விரல் போட்டே, கால் இரிக்கட்டே" என்றார். விரல் போனால் போகட்டும், கால் இருக்கட்டும் என்று.

அவர் அந்தப் பக்கம் போனதும், அதுவரைக்கும் கேலி பேசிக்கொண்டிருந்தவன் என் கையைப் பிடித்தான். ஒப்புப் போட்டாயிற்று, சந்தேகமே இல்லை என்றவன்.

"அத்தான், இப்ப நான் கேக்கேன். அவ இல்ல, நான். மெய்யாச் சொல்லுங்க. கட்டத்துல என்ன வந்துச்சு?"

இதுதான் கேள்வி. நேருக்கு நேராக, அவன் வாயிலிருந்தே. டவர் வேண்டாம், எந்த நேரம் என்று குழப்பம் வேண்டாம். சுவரில் கடிகாரம் இருந்தது. நான் தலையைத் தூக்கிப் பார்த்தால் போதும், லக்கினம் கையில். ஆனால் நான் கடிகாரத்தைப் பார்த்தேனா இல்லையா என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை. அவன் முகத்தைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. என் வீட்டுக்காரியின் கை என் முதுகில் இருந்ததும் ஞாபகம் இருக்கிறது.

"எடுத்துறச் சொல்லுது மாப்ள" என்றேன். "பாதத்தோட நிக்கும்னு சொல்லுது. இன்னிக்கே எடுத்தா கால் உனக்கு."

"சத்தியமா?"

"நான் சொல்லி எது பொய்த்திருக்கு?"

அவன் கையை விட்டான். வண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போனார்கள். அவன் பெண்டாட்டி பின்னாலேயே ஓடினாள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தேன். சொல்லுது என்றேனே, எது சொன்னது? சிம்மக் கட்டமா? அது காலை எட்டரைக்கு கேண்டீனில் நின்ற போனின் கட்டம். பாதத்தோடு நிற்கும் என்று மலையாளச் சனியை வைத்துச் சொன்னேனா, கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்துச் சொன்னேனா? பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர், "ஒக்காருங்க, ரொம்ப நேரமா நிக்கிறீங்க" என்றார். உட்கார்ந்தேன்.

இரண்டு விரல்கள் எடுத்தார்கள். டாக்டர் வெளியே வந்து, பாதம் நன்றாக இருக்கிறது, இனி சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் போதும் என்றார். என் தைலக்குப்பியைக் காட்டினேன். இந்தப் புண்ணில் எதுவும் போடவேண்டாம், தோல் மூடட்டும், பிறகு பேசுவோம் என்றார். நான் அதற்கு ஒத்துக்கொண்டதை என் வீட்டுக்காரி இன்னும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள், ஏதோ அதிசயம் நடந்த மாதிரி. நல்லது எது என்று தெரிந்தவன் ஒத்துக்கொள்வான், அதில் என்ன அதிசயம்?

புண் ஆறுவதற்கு வெகுநாள் ஆயிற்று. ஆனால் ஆறியது. அதற்குள் என் மச்சினன் குமுளியில் என் பேரை ஏற்றி வைத்துவிட்டான். என்னைக் கேலி பண்ணிய அதே வாயால், "எங்கத்தான் கட்டத்துல பாத்தது பாத்தபடி. பாதத்தோட நிக்கும்ன்னாரு, நின்னுச்சு" என்று ஏலக்காய் ஏலம் போடுகிற இடத்தில் போய்ச் சொல்லியிருக்கிறான். ஆட்கள் மலை ஏறி வர ஆரம்பித்துவிட்டார்கள். சிலர் வாட்ஸாப்பில் பேசி அனுப்புகிறார்கள். புண்ணைப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். அதில் வாடை வராது என்று யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. நேரில் வாருங்கள் என்று பேசி அனுப்புகிறேன். அது எப்போது போய்ச் சேருகிறதோ.

பெருமையாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். இந்த வயதில் யாருக்கு இப்படிப் பேர் கிடைக்கும்? ஆனால் ஒருத்தன் வந்து வாயைத் திறக்கும்போது கடிகாரத்தைப் பார்க்க முன்போல வரமாட்டேன் என்கிறது. பார்த்தாலும், இவன் இந்தக் கேள்வியை எங்கே, யாரிடமிருந்து தூக்கிக்கொண்டு வந்தானோ என்று ஓடுகிறது. கட்டம் போடுகிறேன். முதலில் மூக்கு என்ன சொன்னது என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். சில நேரம் இரண்டும் ஒன்று சொல்கிறது. அப்போது சந்தோஷமாக இருக்கிறது. வேறுவேறு சொன்னால் எதை விடுவது என்று தெரியாமல், "சாயங்காலம் வாங்க" என்று அனுப்பிவிடுகிறேன்.

போன வாரம் மச்சினன் வீட்டுக்குப் போயிருந்தோம். வலது காலில் தனியாகத் தைத்த செருப்பு போட்டுக்கொண்டு, ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோருக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தான். கொஞ்சம் சாய்ந்த நடை. சேற்றில் இறங்கும்போது மட்டும் ஒரு கம்பை ஊன்றினான். என் வீட்டுக்காரி அவன் நடப்பதைப் பார்த்துப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் என் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகக் கேட்டான்.

"அத்தான், யார்கிட்டயும் சொல்லமாட்டேன். நான் பேசுனது ஒரு நேரம், போனது ஒரு நேரம், உங்களுக்கு வந்தது ஒரு நேரம்னு அன்னிக்கு ஆஸ்பத்திரியில மாஞ்சுபோனீகளே. கடைசியில எந்த நேரத்தை எடுத்தீக?"

நான் ஸ்டோர்ப் பக்கம் பார்த்தேன்.

"சும்மா சொல்லுங்க. தெரியலைன்னாலும் தெரியலைன்னு சொல்லுங்க."

"தெரியாம இருக்குமாடா?" என்றேன். "நீ கேட்ட நேரத்தைத்தான்."

"அதான் எதுங்கிறேன்?"

ஸ்டோரிலிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். அடுப்பில் சூடு கூடிவிட்டது என்று. அவன் கம்பை என் கையில் கொடுத்துவிட்டு, கம்பில்லாமலே, சாய்ந்து சாய்ந்து வேகமாக நடந்து போனான். இடது, வலது, இடது, வலது. நான் கம்பைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தால் அவன் மறுபடி கேட்பான். அதற்குள் ஒரு நேரத்தை முடிவு பண்ணிச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அவன் வந்தான், கேட்டான். நான் இன்னும் முடிவு பண்ணியிருக்கவில்லை.